பெற்றவள் நான், மறுபடி பெற்றது யார்?

கேள்வி: ஐயா, நான் கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். சைவக் குடும்பம். கணவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. ஒரே மகன், வயது 26, வங்கியில் வேலை. எட்டு மாதமாக ஒரு சபைக்குப் போய்வருகிறான். போன மாதம் கடலில் முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்துவிட்டான். எடுத்த பிறகுதான் எனக்குச் சொன்னான். இப்போது விபூதி பூசுவதில்லை, படைத்த சோறு தின்பதில்லை. வருகிற ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்கு வந்து தகப்பனுக்குக் கடமை செய்யமாட்டேன் என்கிறான். ஏன் என்றால், "அம்மா, நான் மறுபடி பிறந்தவன்" என்கிறான். பெற்றவள் நான் இருக்க, மறுபடி பெற்றது யார் என்று கேட்டேன். பதில் இல்லை. காசு வாங்கிக்கொண்டு மாறிவிட்டான் என்று ஒழுங்கையில் கதைக்கிறார்கள். என் முழங்கால் நோவுக்கும் விசுவாசித்தால் சுகம் வரும் என்கிறான். இந்த ஆட்கள் உண்மையில் நம்புவதுதான் என்ன? அவன் நம்பிக்கையின்படி நான் நரகத்துக்குப் போகிறவளா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நடுநிலையாளன் என்று வேஷம் போட விருப்பமில்லை. நான் ஓய்வுபெற்ற போதகர், இறையியல் படிப்பித்தவன். உங்கள் மகன் நம்புவதில் பெரும்பகுதியை நானும் நம்புகிறேன். அவன் செய்கிற சிலதை நான் செய்யமாட்டேன். எங்கள் பூட்டனார் கிறிஸ்தவராகி வேதத்தில் சேர்ந்த அன்று அவருடைய தாயார் அடுப்பு மூட்டவில்லை என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்த அடுப்புத்தான் ஞாபகம் வந்தது.

நீங்கள் மகனிடம் கேட்ட கேள்வி வேதாகமத்திலேயே இருக்கிறது. யோவான் எழுதின சுவிசேஷம், மூன்றாம் அதிகாரம். நிக்கொதேமு என்று ஒரு யூதப் பெரியவர், மற்றவர்களுக்குப் படிப்பிக்கிறவர், இரவு நேரத்தில் இயேசுவிடம் வருகிறார். மறுபடி பிறக்காவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமுடியாது என்கிறார் இயேசு. வயதுபோன மனிதன் எப்படிப் பிறப்பான், தாயின் வயிற்றுக்குள் இன்னொருதரம் போய் வரலாமா என்று நிக்கொதேமு கேட்கிறார். அதற்கு வந்த பதிலில் காற்றைப் பற்றிய ஒரு பேச்சு இருக்கிறது. காற்று தனக்கு விருப்பமான பக்கம் வீசுகிறது, சத்தம் கேட்கிறது, எங்கிருந்து வருகிறது எங்கே போகிறது என்று தெரியாது, ஆவியினால் பிறந்தவனும் அப்படித்தான். தம்பி இந்த அதிகாரத்தை ஒருமுறையாவது படித்திருப்பான். தாய் கேட்டவுடன் வாயடைத்துப் போயிருக்கிறான். பாடம் ஒப்பிக்காமல் பேசாமல் நின்றது எனக்கு அவனில் பிடித்திருக்கிறது.

ஆகவே உங்களுக்குப் போட்டியாக இன்னொரு தாய் வரவில்லை. மனிதன் கடவுளுக்கு முதுகு காட்டி நிற்கிறான், அவனைத் திருப்பி நிறுத்திப் புது உயிர் கொடுப்பது பரிசுத்த ஆவியானவரின் வேலை என்பதைத்தான் மறுபிறப்பு என்கிறார்கள். இது சைவர்களுக்கு மட்டும் வைத்த நிபந்தனை என்று நினைக்காதீர்கள். நாலாம் தலைமுறைக் கிறிஸ்தவனான எனக்கும் அதே நிபந்தனைதான். ஜோன் வெஸ்லி குருவானவரின் மகன், தானும் குருப்பட்டம் பெற்றவர், கடல் கடந்து அமெரிக்காவுக்கு மிஷனரியாகவும் போய் வந்தவர். அப்படிப்பட்டவர் 1738 மே 24 அன்று இலண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் தன் இருதயம் விசித்திரமாக அனல்கொண்டது என்று எழுதிவைத்தார். அவரைப் பின்பற்றியவர்கள்தான் யாழ்ப்பாணத்துக்கு வந்த மெதடிஸ்தர்கள். சுவிசேஷக் கிறிஸ்தவம் என்பதன் உயிர்நாடி இதுதான்: வேதக்காரர் வீட்டில் பிறந்ததனால் ஒருவர் கிறிஸ்தவர் ஆகிவிடுவதில்லை.

"அல்லேலூயாக்காரர்" என்று ஊரில் ஒரே கூடைக்குள் போட்டுவிடுகிறோம். அது சரியில்லை. சுவிசேஷம் என்றால் நற்செய்தி. சுவிசேஷக் கிறிஸ்தவர், இவாஞ்சலிக்கல் என்பது ஒரு தனிச் சபையின் பெயரே இல்லை. மெதடிஸ்தருக்குள்ளும், அங்கிலிக்கனுக்குள்ளும், தென்னிந்தியத் திருச்சபைக்குள்ளும், பெந்தெகொஸ்தேக்காரருக்குள்ளும் அவர்கள் இருக்கிறார்கள். டேவிட் பெபிங்டன் என்ற பிரித்தானிய வரலாற்றாசிரியர் 1989இல் இவர்களுக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: வேதாகமமே கடைசித் தீர்ப்பு, சிலுவையே மையம், ஒவ்வொருவருக்கும் மனமாற்றம் வேண்டும், நம்பினவன் சும்மா இருக்கக்கூடாது. தம்பி உங்களுக்குச் சொன்னது மூன்றாவதை மட்டும். மற்ற மூன்றும் தெரியாமல் அதை விளங்கிக்கொள்வது கஷ்டம்.

இது நேற்று வந்திறங்கிய சரக்கும் இல்லை. 1814இல் மெதடிஸ்தர், 1816இல் அமெரிக்க மிஷனரிகள், 1818இல் நல்லூரில் அங்கிலிக்கன் மிஷன் என்று வரிசையாக வந்தவர்கள் சொன்னதும் இதையேதான். வட்டுக்கோட்டைச் செமினரியும் உடுவில் பெண்கள் பள்ளியும் இந்த நம்பிக்கையின் பிள்ளைகள். அன்று ஹார்மோனியம், இன்று கீபோர்டும் டிரம்ஸும். சத்தம் கூடிவிட்டது, அவ்வளவுதான். (சத்தத்தைப் பற்றி எனக்கும் முறைப்பாடு உண்டு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

காசுக் கதையையும் இங்கேயே முடித்துவிடுவோம். ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகத்துக்காகவும் காணி உரிமைக்காகவும் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும் அவர்களும் காணாமல் போனார்கள். வட்டுக்கோட்டைச் செமினரியை 1855இல் அமெரிக்க மிஷனே மூடியதற்கு ஒரு முக்கிய காரணம், ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள், மனம் மாறியவர்கள் குறைவு என்ற மனக்குறை. காசுக்கு மாறினவனை இந்தக் கோட்பாடே மாறினவனாகக் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் மகனுக்கு மாதச் சம்பளம் வருகிறது. காசு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால், அநேகமாக அவன் கையிலிருந்து சபைக்குத்தான் போகும். தசமபாகம் என்று பத்தில் ஒன்று கொடுப்பவர்கள் உண்டு. கட்டாயத்தினால் வேண்டாம், மனதில் தீர்மானித்தபடி கொடு என்று இயேசுவின் தூதர்களில் ஒருவரான பவுல் கொரிந்து ஊர்ச் சபையாருக்கு எழுதியிருக்கிறார். கொடுத்தால் கடவுள் வட்டியோடு திருப்பித் தருவார் என்று யாராவது அவனுக்குச் சொல்லியிருந்தால் அது சுவிசேஷமல்ல, சீட்டுப் பிடிக்கிற கதை.

சரி, அந்த நான்குக்கு வருகிறேன்.

வேதாகமம் கடைசித் தீர்ப்பு என்பது உங்களுக்குத்தான் மிகவும் உதவும். பாஸ்டர் சொன்னார் என்பது அங்கே போதாது. பெரோயா என்ற ஊர்க்காரர், பவுலே வந்து பிரசங்கித்தபோதும், அது வேதத்தில் இருக்கிறதா என்று தினமும் ஆராய்ந்து பார்த்தார்கள்; அதற்காக அவர்களைப் புகழ்ந்து எழுதியிருக்கிறது. ஆகவே மகன் எதைச் சொன்னாலும் "எங்கே எழுதியிருக்கிறது, வாசித்துக் காட்டு" என்று நீங்கள் கேட்கலாம். இது அவமரியாதை ஆகாது. ஆறுமுக நாவலர் அப்படித்தான் செய்தார். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து வேதாகம மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் அவர். அதை உள்ளும் புறமும் அறிந்தபிறகுதான் சைவத்துக்காக எழுந்து நின்று மறுத்தார். மறுத்தாலும் வாசித்துவிட்டு மறுக்கிற ஊர் நம்முடையது.

கடவுளைப் பற்றி அவர்கள் சொல்வது எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் பொது. ஒரே கடவுள், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. கத்தோலிக்கருக்கும் இதில் வேறுபாடு இல்லை, எனவே இங்கே நிற்காமல் போகிறேன்.

நிற்க வேண்டிய இடம் சிலுவையும் கிருபையும். "பாவி" என்று உங்களை அவன் சொல்லியிருந்தால் உங்களுக்குச் சுட்டிருக்கும். நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன் என்று கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்கிற பாவம் களவும் பொய்யும் மட்டுமல்ல. அவையெல்லாம் கிளம்பி வருகிற உள்நிலை. சைவசித்தாந்தம் ஆணவ மலம் என்று சொல்வதை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் பிடிபடும்: செய்த குற்றத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டிருக்கிற இருள். முழுக்க ஒன்றல்ல. ஆணவம் அநாதி என்கிறீர்கள். கிறிஸ்தவம், நல்லதாகப் படைக்கப்பட்ட மனிதன் விலகிப்போனான் என்கிறது. எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று பவுல் எழுதும்போது தன்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்.

அந்த இருளை மனிதன் தன் முயற்சியால் நீக்கமுடியாது. விரதம், தானம், கோயில், சேர்ச், நல்ல பெயர் எதுவும் காணாது. கடவுளே மனிதனாகி வந்து, பொந்தியு பிலாத்து என்ற ரோம அதிகாரியின் காலத்தில் எருசலேமுக்கு வெளியே சிலுவையில், நமக்கு வரவேண்டிய தீர்ப்பைத் தான் ஏற்றார். மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார். அவரை நம்பி ஏற்றுக்கொள்கிறவனுக்கு மன்னிப்பு இனாமாக வருகிறது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று எபேசியருக்கு எழுதின நிருபத்தில் இருக்கிறது. அது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமை பாராட்டாதபடிக்கு அது கிரியைகளினால், அதாவது நம் செயல்களினால், உண்டாகவில்லை என்றும் அடுத்தாற்போல் வருகிறது. இந்தக் கடைசிப் பகுதியை நம்முடைய இளம் விசுவாசிகள் சிலர் கெதியாக வாசித்துவிட்டுத் தாண்டிப்போகிறார்கள். இனாமாக வாங்கினவன் வாங்காதவனைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்த ஏதுமில்லை.

உங்களுக்கு இது முற்றிலும் அந்நியமான பேச்சா? "அவன் அருளாலே அவன்தாள் வணங்கி" என்று நீங்கள் சிவபுராணம் பாடியிருக்கிறீர்கள். வணங்குவதற்கும் அவன் அருள் வேண்டும் என்று அறிந்த நெஞ்சுக்குக் கிருபை என்ற சொல் தூரத்துச் சொந்தம் போலாவது இருக்கும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதல் பேராயரான சபாபதி குலேந்திரன், இந்து சமயத்திலும் கிறிஸ்தவத்திலும் அருள் என்பதை ஒப்பிட்டுப் பெரிய நூலே எழுதினார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு மனிதரின் சாவில் அந்த அருள் முழுதாக வந்தது என்பதில்தான் கிறிஸ்தவம் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் மகனோடு கதைக்க உங்களுக்கு ஒரு வாசல் வேண்டுமென்றால், அது இந்தச் சொல்.

கடலில் எடுத்த முழுக்கு அவனை இரட்சித்தது என்று அவனுடைய சபையும் பெரும்பாலும் சொல்லாது. உள்ளே நடந்ததற்கு அது வெளி அடையாளம். நாங்கள் குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறோம், அவர்கள் வளர்ந்தவனை முழுக்குகிறார்கள்; நூற்றாண்டுகளாக இந்தச் சண்டை ஓயவில்லை, இருபக்கமும் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள்தான். உங்களுக்குச் சொல்லாமல் எடுத்தது அவன் பிழை. அது கோட்பாட்டில் இல்லை, பயத்தில் வந்தது.

இனிக் கீரிமலை. இறந்தவர் கடவுளின் கையில் இருக்கிறார், உயிரோடிருப்பவர் செய்யும் எந்தச் சடங்கும் அவருடைய நிலையை மாற்றாது என்பது இவர்களுடைய உறுதியான நம்பிக்கை. கத்தோலிக்கர் மரித்தோருக்காகச் செபிக்கிறார்கள், பூசை கொடுக்கிறார்கள். இவர்கள் அதையும் செய்வதில்லை. இதோடு ஒரே கடவுளைத் தவிர வேறு வழிபாடு கூடாது என்ற கட்டளையும் இருக்கிறது. ஆகவே அவன் தர்ப்பை போட்டுப் பிண்டம் வைக்கமாட்டான். அழுதாலும் வற்புறுத்தினாலும் பலன் இருக்காது. அப்படி வைத்தாலும் மனம் ஒப்பாமல் வைத்ததாகத்தான் இருக்கும், அது உங்களுக்கும் வேண்டாம். இதைத் தகப்பனில் பாசமில்லை என்று மட்டும் வாசித்துவிடாதீர்கள்.

ஆனால் "கீரிமலைக்கே வரமாட்டேன்" என்பது வேறு கதை. அவனிடம் இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தை எடுக்கச் சொல்லுங்கள். நாகமான் என்ற சீரியப் படைத்தலைவன் குஷ்டம் நீங்கி, இனி இஸ்ரவேலின் கடவுளைத்தான் வணங்குவேன் என்று முடிவெடுக்கிறான். அப்புறம் ஒரு தயக்கம். என் அரசன் ரிம்மோன் கோயிலுக்குள் போகும்போது என் கையில்தான் சாய்ந்துகொள்வான், அவனோடு நானும் குனிய வேண்டிவரும், அதைக் கர்த்தர் மன்னிப்பாரா என்று கேட்கிறான். எலிசா தீர்க்கதரிசி பிரசங்கம் வைக்கவில்லை. "சமாதானத்தோடே போ" என்று அனுப்பிவிடுகிறார். முழங்கால் நோவுள்ள தாய் கேணிப் படியில் இறங்கக் கை கொடுப்பதற்கு எந்த வசனமும் தடையில்லை. ஓட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போகட்டும், நீங்கள் ஐயருடன் இருக்கும்போது அப்பால் நின்று தகப்பனை நினைத்துக்கொள்ளட்டும். கடமையைச் செய்ய உங்கள் பக்கத்தில் பெறாமகன் யாராவது இருப்பார், அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

படைத்த சோற்றிலும் அவனுக்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் அவன் நினைக்கிற அளவுக்கு இல்லை. கொரிந்து சபையில் இதே பிரச்சினை. விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகவே முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு; படைத்தது என்று ஒருவர் சொன்னால் சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்று பவுல் எழுதினார். இரண்டு பக்கமும் மனம் நோகக்கூடாது என்பதே அதில் உள்ள கவலை. படையலுக்கு முன் சட்டியில் யாரும் தொடக்கூடாதென்பது உங்கள் முறை, எனவே அன்றைக்கு அவனுக்கென்று சின்னச் சட்டியில் தனியாகக் கொஞ்சம் சமைத்து வைத்துவிடுங்கள். அவனும் முகத்தைத் திருப்பாமல் நன்றி சொல்லிச் சாப்பிட வேண்டும். கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்யவேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தது மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. சிலுவையில் தொங்கும்போதும் தாயைச் சீடனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் உயிர்விட்டார்.

நரகத்தைப் பற்றி மழுப்பாமல் கேட்டிருக்கிறீர்கள், மழுப்பாமல் சொல்கிறேன். கிறிஸ்து மறுபடி வருவார், எல்லாரையும் நியாயந்தீர்ப்பார், அவரை அல்லாமல் இரட்சிப்பு இல்லை என்பது இவர்களுடைய நம்பிக்கை. அதை நேர்கோட்டில் இழுத்தால் உங்கள் பயம் சரிதான். அவன் அப்படித்தான் படித்திருப்பான். அதற்குமேல் என்ன என்பதில் சுவிசேஷக் கிறிஸ்தவர்களே ஒரு குரலில் பேசுவதில்லை. உலகெங்குமிருந்து கூடிய சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் 1974ஆம் ஆண்டு அறிக்கையான லோசான் உடன்படிக்கையை எழுதுவதில் முன்நின்ற ஆங்கிலேயப் போதகர் ஜோன் ஸ்டொட், நரகம் முடிவில்லாத வேதனை என்பதை விட்டு, அழிந்துபோவதாக இருக்கலாம் என்று 1988இல் தயக்கத்தோடு எழுதினார். பலருக்கு அது பிடிக்கவில்லை. என் மட்டில் ஒன்றைச் சொல்வேன்: தீர்ப்புச் சொல்லும் கதிரை உங்கள் மகனுடையதும் அல்ல, அவனுடைய பாஸ்டருடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. அதில் உட்காரப்போகிறவர் சிலுவையில் தன்னைக் கொன்றவர்களுக்காக மன்னிப்புக் கேட்டவர். அவர் கையில் உங்களை ஒப்படைக்க எனக்குப் பயமில்லை.

தம்பிக்குப் பயம். அவன் இரவில் முழங்காலில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அநேகமாக உங்கள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான். உங்களோடு வாதாடுவதெல்லாம் அந்தப் பயத்தின் வேறு உருவம். நம்பினவன் சும்மா இருக்கக்கூடாது என்ற நான்காவது அடையாளம் அது. தெல்லிப்பழையில் பிறந்த மெதடிஸ்தப் போதகர் டி. டி. நைல்ஸ் சுவிசேஷம் சொல்வதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். உலகம் முழுக்க அதை எடுத்துச் சொல்கிறார்கள். சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வதுதான் அது என்றார். மேலே நின்று கீழே பார்த்துச் சொல்வதற்கு அதில் இடமில்லை. தம்பி உங்களோடு கதைக்கும்போது தொனி மாறினால் இதை ஞாபகப்படுத்துங்கள், நம்மூர்க்காரர் சொன்னது என்று.

கடைசியாக அந்த முழங்கால். கடவுள் சுகமாக்குவார் என்று நானும் நம்புகிறேன், செபிக்கிறேன். விசுவாசம் இருந்தால் கட்டாயம் சுகம், சுகமில்லை என்றால் விசுவாசமில்லை என்பது இந்த நம்பிக்கையின் மூலக்கோட்பாட்டில் எங்கும் இல்லை. பவுல் தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவிட்டு வந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பிறகு மானிப்பாயில் இருந்து தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த டொக்டர் சாமுவேல் கிரீனும் இதே சுவிசேஷத்தை நம்பித்தான் கப்பலேறினார். கையில் வேதாகமத்தோடு கத்தியும் மருந்தும் இருந்தன. எலும்பு டொக்டரிடம் ஒருநாள் நம்பர் எடுத்துப் போய்க் காட்டுங்கள். தம்பி லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போகட்டும். காத்திருக்கிற நேரத்தில் அந்த யோவான் மூன்றாம் அதிகாரத்தை உங்களுக்கு வாசிக்கச் சொல்லுங்கள், நிக்கொதேமு கேட்ட இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி நீங்கள் உங்கள் கேள்வியைத் திரும்பக் கேட்கலாம். வரும் வழியில் திருநெல்வேலிச் சந்தையில் இறங்கி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் வாங்க வேண்டியிருந்தால், பையை அவன் தூக்கட்டும்.